தூணுக்குள் போகும் இரண்டு கம்பிகள்

ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது என்று செய்தி வந்தால் அரை மணி நேரத்துக்குள் குற்றவாளிகள் பிடிபட்டுவிடுவார்கள்: மணலும் சிமென்டும். உப்பு மணல், கலப்பட சிமென்ட், கூடவே கட்டியவரின் பேராசை. சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, பல இடிபாடுகளில் இவையும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு கட்டட வரைபடங்கள் போட்டும், பிறர் போட்டதைச் சரிபார்த்துத் திட்டு வாங்கியும் பிழைப்பு நடத்தும் எனக்கு அந்த விசாரணையில் பாதி ஆர்வம்தான். எது முதலில் உடைந்தது என்பதைவிட, உடைந்தது ஏன் அந்த இடத்தோடு நிற்கவில்லை என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு தூண் போனால் ஒரு மூலை போகட்டும். கட்டடமே ஏன் போக வேண்டும்?

எங்கள் துறையில் இதைத் தொடர் இடிவு என்று தனிப் பாடமாகவே படிக்கிறோம். ஓர் உறுப்பு உடைகிறது. அது தாங்கிக்கொண்டிருந்த பாரம் பக்கத்து உறுப்புகளின் தலையில் விழுகிறது. அவையும் தாங்காமல் உடைகின்றன. இதில் "விழுகிறது" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மெதுவாக ஏற்றி வைத்த பாரமும் சட்டென்று வந்து உட்காரும் அதே பாரமும் ஒன்றல்ல, சட்டென்று வருவது இரண்டு மடங்கு வரை அழுத்தும். மேல்தளம் பிய்ந்து 3 மீட்டர் இறங்கிக் கீழ்த்தளத்தைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். அந்த அடியைத் தாங்கும்படி எந்தத் தளத்தையும் யாரும் கணக்கிடுவதில்லை. கணக்கிட்டால் அது வீடாக இருக்காது, பதுங்குகுழியாக இருக்கும். ஆகவே விழ ஆரம்பித்த பிறகு நிறுத்துவது என்பது ஏறக்குறைய நடக்காத காரியம். பிய்ந்த முதல் தளத்தை அங்கேயே பிடித்து நிறுத்த முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது பீம் இல்லாத தளங்கள். ஃபிளாட் ஸ்லாப் என்பார்கள். வணிக வளாகம், மருத்துவமனை, மென்பொருள் அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே கார் நிறுத்துமிடம் என்று இப்போது எங்கு பார்த்தாலும் இதுதான். தூண் மேல் நேராகத் தளம். சென்ட்ரிங் சுலபம், மாடி உயரம் மிச்சம், குளிர்சாதனக் குழாய்கள் இடிபடாமல் ஓடும். நானும் நிறைய போட்டுக் கொடுத்திருக்கிறேன், மேலும் போடுவேன். அது நல்ல அமைப்புதான். ஆனால் அதன் உயிர் ஓரிடத்தில் இருக்கிறது: தூணும் தளமும் சேரும் அந்த ஒரு சதுர மீட்டரில். அங்கே பாரம் மிஞ்சினால் தூணைச் சுற்றிக் கான்கிரீட் கூம்பு வடிவில் பிளக்கும். தூண் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருக்க, தளம் மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு கீழே நழுவிவிடும். பஞ்சிங் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பீம் வளைந்து தொங்கி, விரிசல் காட்டி, ஆளை எழுப்பிவிட்டுத்தான் உடையும். பஞ்சிங் பெரும்பாலும் அப்படி மரியாதை காட்டுவதில்லை.

தூணுக்கு மேலே தளத்தின் மேற்பகுதியில் நெருக்கமாகக் கம்பி இருக்கும். வேலை முழுவதும் அதற்குத்தான். ஆனால் தளம் நழுவும் அந்த நொடியில் அந்த மேல்கம்பி எதற்கும் உதவாது. அதற்கு மேலே இருப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கவர் கான்கிரீட் மட்டும். கம்பி அதை மேல்நோக்கிக் கிழித்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்துவிடும். அடிக்கம்பி அப்படியல்ல. அது தூணின் உள்ளே, நிற்கும் கம்பிக் கூட்டுக்குள் புகுந்து மறுபக்கம் போயிருந்தால், மேலே தளத்தின் முழுத் தடிமனும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். தளம் அரை அடி இறங்கும், விகாரமாகத் தொங்கும், ஆனால் தூளியில் கிடக்கும் பிள்ளையைப் போலத் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மிட்செல், குக் என்ற இருவர் 1984-இல் இதை எழுதினார்கள். அமெரிக்கக் கான்கிரீட் விதிநூல் 1989 பதிப்பில் ஏற்றுக்கொண்டது: ஒவ்வொரு திசையிலும் குறைந்தது இரண்டு அடிக்கம்பிகள் தூணின் மையப் பகுதி வழியாகப் போக வேண்டும்.

எவ்வளவு செலவு? தூண்கள் 8 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தூணின் பங்குக்கு 64 சதுர மீட்டர். தளத்தின் சொந்த எடை, டைல்ஸ், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 1.2 டன் என்றால் சுமார் 77 டன். அதைத் தொங்கவிட்டுப் பிடிக்க ஒரு திசைக்கு இரண்டு 25 மில்லிமீட்டர் கம்பி, ஆக நான்கு கம்பிகள், தலைக்கு 3 மீட்டர் நீளம். மொத்தம் 46 கிலோ. இன்றைய விலையில் ஒரு தூணுக்கு மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அதிலும் பெரும்பகுதி எப்படியும் தளத்தில் கிடக்கப்போகிற கம்பிதான். தூணின் ஓரத்தோடு நிற்காமல் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். வரவேற்பறையின் மார்பிள் தரைக்கு ஆகும் பணத்தில் கட்டடம் முழுவதற்கும் இதைச் செய்துவிடலாம்.

ஆனால் களத்தில் அந்த இரண்டு கம்பிகளைத் தூணுக்குள் நுழைப்பது லேசான வேலை அல்ல. நகருக்கு வெளியே ஒரு வளாகத்தில், கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் கம்பி பார்க்கப் போயிருந்தேன். சித்திரை வெயிலில் சென்ட்ரிங் தகடு செருப்பையும் மீறிச் சுட்டது. பலகையில் தடவிய எண்ணெய் வாசம். தூணின் நிற்கும் கம்பிகளே உள்ளங்கை நுழையாத நெருக்கத்தில் இருந்தன. குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்து மேல்கம்பிகளின் இடுக்கு வழியே பார்த்தால், அடிக்கம்பி இரண்டும் தூணை ஒட்டி நல்ல பிள்ளைகளாக வெளியே படுத்திருந்தன. மேஸ்திரி ஓமலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், கையெழுத்துப் போல ஒழுங்காகக் கட்டுக்கம்பி முறுக்குகிறவர்.

"மேடம், மேலே இவ்வளவு கம்பி இருக்கிறது. அடியில் இந்த இரண்டை உள்ளே நுழைக்கப் பையன்கள் அரை நாள் மல்லுக்கட்ட வேண்டும். பக்கத்தில் போட்டால் ஆகாதா?"

"ஆகாது அண்ணா. தளம் பிய்ந்தால் பக்கத்தில் கிடப்பது எதைப் பிடிக்கும்?"

"பிய்ந்தாலா?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "பிய்வதற்கா நாம் கட்டுகிறோம்?"

நியாயமான கோபம். அவருடைய தொழிலில் அது அபசகுனமான பேச்சு. அவரைச் சமாதானப்படுத்த ஒரே வழி, பிய்ந்த ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்வதுதான். தேநீர் வந்தது. சியோல் நகரத்து சம்பூங் பல்பொருள் அங்காடியின் கதையைச் சொன்னேன்.

சம்பூங் 1990-இல் திறந்த கட்டடம். தரைக்கு மேலே ஐந்து தளங்கள், கீழே நான்கு. முதலில் வேறு பயன்பாட்டுக்காக நான்கு தளங்களோடு வரையப்பட்டது. நடுவில் உரிமையாளர் அதை அங்காடியாக மாற்றச் சொன்னார், நகரும் படிக்கட்டு வைக்கத் தூண்களை வெட்டச் சொன்னார், ஐந்தாவது தளம் ஏற்றச் சொன்னார். கட்டிக்கொண்டிருந்த நிறுவனம் மறுத்தது. அதை அனுப்பிவிட்டுத் தன் சொந்த நிறுவனத்தை வைத்துக் கட்டி முடித்தார். ஐந்தாம் தளத்தில் சறுக்கு விளையாட்டுக்கூடம் வருவதாக இருந்தது, உணவகங்கள் வந்தன. கொரிய வழக்கப்படி தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகத் தரைக்குள் சுடுநீர்க் குழாய் பதித்து மேலே கனமாகக் கான்கிரீட் போட்டார்கள். கூரையில் குளிர்சாதன இயந்திரங்கள். அவற்றின் சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, 1993-இல் அவற்றை இடம் மாற்றினார்கள். பாரந்தூக்கியால் தூக்கி வைக்கவில்லை. உருளைகளின் மேல் வைத்துக் கூரை வழியாகவே இழுத்துப் போனார்கள். போன வழியெல்லாம் விரிசல்.

இங்கே மேஸ்திரி தலையில் கை வைத்தார். பாரம் இழுத்துப் பார்த்தவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

எனக்கு இதில் முக்கியமான இடம் இன்னும் வரவில்லை. 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய தூண்கள் 60 சென்டிமீட்டராகக் குறைந்திருந்தன. தூண் மெலிந்தால் தூணுக்கு மட்டும்தான் பலக்குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பீம் இல்லாத தளத்தில் அப்படி இல்லை. தளம் எந்தச் சுற்றளவில் தூணைப் பற்றிக்கொண்டிருக்கிறதோ அந்தச் சுற்றளவும் கூடவே சுருங்கிவிடுகிறது. அதற்கு மேல் இன்னொன்று: தளத்தின் மேல்கம்பி இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை, சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இறங்கிக் கிடந்தது. தளத்தின் மொத்தத் தடிமன் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கலாம். வேலை செய்யும் தடிமன், கம்பியிலிருந்து அடி வரைக்கும் உள்ளதுதான். அது குறைந்துவிட்டது.

கம்பி எப்படி 5 சென்டிமீட்டர் இறங்கும் என்று யாரும் மேஸ்திரிக்கு விளக்க வேண்டியதில்லை. மேல்கம்பி வலையைத் தூக்கி நிறுத்துவது சேர் என்னும் சின்னக் கம்பிக் கால்கள். மிச்சமான துண்டுக்கம்பியை வளைத்துச் செய்வார்கள். நூறு ரூபாய் பெறாத சமாச்சாரம், அதனால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மீட்டருக்கு ஒன்று இருக்கும். மறுநாள் பம்ப் வரும். கனமான குழாயை இழுத்துக்கொண்டு ஆறேழு பேர் அந்த வலையின் மேல்தான் நடப்பார்கள், வைப்ரேட்டர் பிடிப்பவர் அதன் மேல்தான் நிற்பார். சேர் மடங்கும். கம்பி தூணுக்குப் பக்கத்திலேயே, எங்கே உயரமாக இருக்க வேண்டுமோ அங்கேயே படுத்துவிடும். ஐந்து நிமிடத்தில் கான்கிரீட் மூடிவிடும், பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. நடப்பதற்குப் பலகை போடச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தினாலும் முதல் லாரி காலியாவதற்குள் பலகை ஒரு மூலைக்குப் போய்விடும்.

இது ஊருக்கு ஊர் உள்ள வியாதி. அமெரிக்காவில் புளோரிடாவின் கோகோ பீச் என்ற ஊரில் 1981 மார்ச்சில், ஐந்து மாடிக் குடியிருப்பின் கூரைக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது கட்டடம் முழுவதும் இறங்கி 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். வடிவமைப்பில் பஞ்சிங் கணக்கு போடப்படவே இல்லை என்பது ஒன்று. சேர்களின் உயரம் குறைவு என்பது மற்றொன்று.

சம்பூங்குக்குத் திரும்புகிறேன். 1995 ஏப்ரலிலேயே ஐந்தாம் தளத்தின் கூரையில் விரிசல்கள். ஜூன் 29 காலையில் அவை பெரிதாகி, மேலிருந்து பலத்த சத்தங்கள் கேட்டன. நிர்வாகம் மேல்தளத்தை மூடியது, குளிர்சாதனத்தை நிறுத்தியது, பொறியாளர்களை அழைத்துக் காட்டியது. கடையை மட்டும் மூடவில்லை. கூட்டம் அதிகமான நாள், ஒரு நாள் விற்பனை போய்விடும். மாலை 5:52-க்குக் கூரையில் ஒரு தூண் தளத்தைத் துளைத்தது. பக்கத்துத் தூண்களும் வரிசையாகத் துளைத்தன. கட்டடத்தின் ஒரு பகுதி முழுவதும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியபடி நிலவறைக்குள் போக 20 விநாடிகள்கூட ஆகவில்லை. 502 பேர் இறந்தார்கள், 937 பேர் காயமடைந்தார்கள். உரிமையாளருக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகு ஏழரை ஆண்டு சிறை.

அடிக்கம்பி இருந்திருந்தால் அந்த மேல்தளம் தப்பித்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது தப்பிக்க வேண்டிய தளமே அல்ல. ஆனால் முதல் தூணில் பிய்ந்த தளம் அங்கேயே கோணலாகத் தொங்கியிருந்தால், அதைக் கண்ணால் பார்த்த பிறகு கல்லாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க அந்த முதலாளியால்கூட முடிந்திருக்காது. அந்த இரண்டு கம்பிகள் கட்டடத்தைக் காப்பாற்றுவதற்காக இல்லை. உள்ளே இருப்பவர்கள் படியிறங்க நேரம் வாங்கித் தருவதற்காக.

மேஸ்திரி மறுபேச்சுப் பேசவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, தூணின் நடுக்கம்பி இரண்டை நெம்பி இடம் பண்ணச் சொல்லிப் பையன்களிடம் ஹிந்தியும் தமிழும் கலந்து சத்தம் போட்டார். மாலைக்குள் எல்லாத் தூண்களிலும் கம்பி உள்ளே போயிருந்தது. எனக்குத் தெரிந்து, அவர் வேலை செய்யும் இடங்களில் இன்று கான்கிரீட்டுக்கு முன்பு அவரே டார்ச் அடித்துப் பார்க்கிறார். பொறியாளர்கள் பார்க்கிறார்களா என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

உடைந்தது அந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்ற சிந்தனையே சட்டத்துக்குள் வந்தது லண்டனில். 1968 மே 16 விடியற்காலை, ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில் 18-ஆவது மாடிப் பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. அது பெரிய வெடிப்புகூட இல்லை, அவருடைய செவிப்பறை கிழியவில்லை, உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு சுவர் வெளியே தள்ளப்பட, அதன் மேலிருந்த மாடிகள் இறங்கி, அந்த எடையில் கீழே தரை வரைக்கும் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அது தொழிற்சாலையில் வார்த்த பலகைகளை அடுக்கிய கட்டடம், நம் கம்பி கட்டிய கான்கிரீட் கட்டடம் போன்றதல்ல. இருந்தாலும் காரணத்துக்குப் பொருத்தமே இல்லாத அளவுக்கு விளைவு இருக்கக்கூடாது என்ற விதி அங்கிருந்துதான் உலகம் முழுவதும் போனது.

எல்லாவற்றையும் இரண்டு கம்பிகளின் தலையில் கட்டிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் போயிருக்கும் தமிழர்கள் அநேகம். அந்தச் சாலையில் 1986 மார்ச் 15 அன்று நியூ வேர்ல்ட் ஹோட்டல் என்ற ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் மீட்கப்பட்டார்கள். வெடிகுண்டா, எரிவாயுவா, பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த ரயில் சுரங்கமா என்று எல்லாவற்றையும் விசாரித்தார்கள். கடைசியில் கிடைத்த விடை: கணக்குப் போட்டவர் உள்ளே வரும் ஆட்களின், சாமான்களின் எடையை எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் சொந்த எடையை விட்டுவிட்டார். சில தூண்கள் முன்பே கைவிட்டிருந்தன, மற்றவை அந்தப் பாரத்தையும் சுமந்து பார்த்துவிட்டு ஒன்றாகப் போயின. எல்லாத் தூண்களும் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும்போது யாரும் யாரையும் தாங்க முடியாது. எந்தக் கம்பியும் உதவாது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் சட்டத்தை மாற்றியது: ஒருவர் போட்ட கணக்கைச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். குடியிருப்புகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை, மற்றக் கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் சென்னை மௌலிவாக்கம். 2014 ஜூன் 28, மழை பெய்த மாலை. கட்டி முடியாத 11 மாடி, 61 உயிர்கள். இறந்தவர்களில் மிகப் பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். கூடவே நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிமருந்து வைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஒரு சேதி. அதில் வெடிமருந்தின் வேலை குறைவு. சில தூண்களை மட்டும் அது வெட்டியது. மிச்சத்தை முடித்தது கட்டடத்தின் சொந்த எடை. தொடர் இடிவை வேண்டுமென்றே செய்துகாட்டினால் அப்படித்தான் இருக்கும்.

கட்டி முடித்துக் குடிபோனவர்கள் இதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கம்பியை இனிமேல் நுழைக்க முடியாது. ஆனால் பாரத்தை ஏற்றாமல் இருக்க முடியும். மயாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊரில் 2021 ஜூன் 24 நள்ளிரவு தாண்டி விழுந்த 12 மாடிக் குடியிருப்பில் 98 பேர் இறந்தார்கள். அங்கே முதலில் போனது மாடிகள் அல்ல, நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த முற்றத் தளம். அதாவது கீழே கார் நிறுத்தும் இடத்தின் கூரை. அதுவும் பீம் இல்லாத தளம். ஆரம்பத்திலேயே போதிய பலமில்லாத அந்தத் தளத்தின் மேல் பின்னாளில் செடித்தொட்டிகளும் தரைக்கற்களும் ஏறியிருந்தன. அது இறங்கிச் சில நிமிடங்கள் கழித்துத்தான் கட்டடம் சரிந்தது.

சென்னையில் என் அக்கா இருக்கும் அடுக்குமாடியில் போன வருடம் இதே யோசனை வந்தது. கார் நிறுத்தத்தின் கூரையில் இரண்டடி மண் கொட்டிப் புல்வெளி அமைக்கச் சங்கத்தில் எல்லோரும் கைதூக்கிவிட்டார்கள். அக்கா என்னைக் கேட்டாள். ஈர மண் இரண்டடி என்றால் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல். அந்த மாதிரித் தளத்துக்கு நாங்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பாரம் கால் டன்னிலிருந்து அரை டன். இந்த இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். கூடவே, கீழே போய்த் தூணின் தலையைச் சுற்றி விரிசலோ, நீர் ஒழுகிய வெள்ளைக் கறையோ, துருப்பிடித்த பழுப்போ இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு தூண்களில் கறை இருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். மேலே வடிகால் வாய் அடைத்து நீர் தேங்குகிறது, அதைச் சரிசெய்தார்கள். புல்வெளி கைவிடப்பட்டு ஃபைபர் தொட்டிகளில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வந்தன. என் அக்காவால்தான் புல்வெளி போனது என்று பேசுவதைச் செயலாளர் இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது மொட்டை மாடியில் செல்பேசிக் கோபுரம் வைக்க நல்ல வாடகை தருகிறார்களாம், பார்த்துச் சொல் என்று அக்கா அழைத்திருந்தாள். கட்டட வரைபடம் இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கட்டியவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.